எவர்சில்வரில் வெள்ளி இல்லை!

"பத்தரை மாற்றுத் தங்கம் அவர்" என்று ஒருவரைப் புகழ்கிறோம். மாசு மறுவற்றவர், உரைத்துப் பார்த்தாலும் குறை காண முடியாதவர் என்பது பொருள். நல்ல புகழுரை, மேடைக்கு ஏற்றது, மாலையோடு சேர்த்துச் சொன்னால் இன்னும் எடுப்பானது. ஆனால், அந்தச் சொக்கத் தங்கத்தை அப்படியே எடுத்துச் சென்று, "இதிலே ஒரு வளையல் செய்து தாருங்கள்" என்று பத்தரிடம் கேட்டால், அவர் சிரிப்பார். "பெட்டியில் பூட்டி வைப்பதற்கென்றால் இது போதும் ஐயா! கையிலே போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதற்கு இது ஆகாது. இடித்தால் நசுங்கும், இழுத்தால் நீளும், கல் பதித்தால் கழன்று விழும். கொஞ்சம் செம்பு சேர்த்தால்தான் நிற்கும்" என்பார்.

பத்தர் பொய் சொல்லவில்லை. முழுத் தூய்மை என்பது 24 காரட். நாம் வாங்கி அணிவது 22 காரட். அதாவது 24 பங்கிலே 22 பங்கு பொன். மீதி 2 பங்கு வேறு உலோகம். ஆயிரத்துக்கு 916 என்று கணக்கு. '916 நகை' என்று கடைக்காரர் சொல்லுவது இதைத்தான். கல் பதித்த நகைக்கு 18 காரட் எடுப்பதுண்டு. அதிலே ஆயிரத்துக்கு 750 தான் பொன், மிச்சம் 250 செம்பு, வெள்ளி போன்றவை. உலோகங்களின் அரசன் என்று கொண்டாடப்படும் பொன்னே, ஊழியம் செய்ய வேண்டுமென்றால் செம்பின் தோளைத் தேடுகிறது!

கலப்பு என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. பாலிலே தண்ணீர் கலந்தான், அரிசியிலே கல் கலந்தான், மிளகிலே பப்பாளி விதை கலந்தான் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் நாம். ஆகவே, கலந்தது மட்டம், கலக்காதது உயர்வு என்று எண்ணிக்கொள்கிறோம். பட்டறையிலே நிற்கும் தோழனைக் கேட்டுப் பாருங்கள். உலோக உலகிலே நிலைமை தலைகீழ் என்பான். அங்கே தூயது பெரும்பாலும் மென்மையானது, கலந்தது வலிமையானது. ஏன் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு நாள் முழுதும் கலப்புதான்

காலையிலே காப்பி குடிக்கும் டம்ளர் எவர்சில்வர். உச்சி வேளையிலே ஆலை வாசலில் திறக்கும் தூக்குவாளி எவர்சில்வர். பெயரிலே வெள்ளி இருக்கிறதே, பண்டத்திலே இருக்கிறதா? ஒரு குன்றிமணி எடைகூட இல்லை! அதிலே பெரும்பங்கு இரும்பு. நல்ல வகையானால் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்திருக்கும். வெள்ளி இல்லாமலே வெள்ளிபோல் மின்னுகிறது; வெள்ளி கறுத்துப்போகும் இடத்திலும் கறுக்காமல் நிற்கிறது.

அம்மா வீட்டிலிருந்து வந்த பித்தளைத் தவலை, செம்பும் துத்தநாகமும் கூடியது. நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் அதே பித்தளைதான். சட்டைப் பையிலே கிடக்கும் ஒரு ரூபாய் நாணயம் துருவேறா எஃகு. கடைசல் எந்திரத்திலே இரும்பைச் சீவும் உளி, டங்ஸ்டன் சேர்ந்த எஃகு. வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் வைக்கும் பற்று, வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தது. விடிந்ததிலிருந்து அடையும் வரையில் உழைப்பாளியின் கை தொடும் உலோகங்களை எண்ணிப் பார்த்தால், கலக்காதது ஒன்றிரண்டு தேறினாலே அதிகம்.

வலிமை எங்கிருந்து வந்தது?

செம்பு மெல்லியது. வெள்ளீயம் அதைவிட மெல்லியது. இரண்டு மெல்லியவை சேர்ந்தால், மெல்லியதுதானே பிறக்கவேண்டும்? ஆனால் பிறப்பதோ வெண்கலம்! தாயையும் மிஞ்சிய, தந்தையையும் மிஞ்சிய பிள்ளை. இது மாயமா? மந்திரமா? இரண்டுமில்லை, அணுக்களின் அமைப்பு.

உலோகத்தினுள்ளே அணுக்கள், பழக்கடையில் அடுக்கிய எலுமிச்சம்பழம் போல, வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. கம்பியை வளைக்கும்போது நடப்பது என்ன? ஒரு வரிசை, மற்றொரு வரிசையின் மீது வழுக்கி நகர்கிறது. சரி, ஒரு வரிசை முழுவதும் ஒரே மூச்சில் நகரவேண்டுமானால் எவ்வளவு விசை வேண்டும் என்று அறிவியலாளர் கணக்கிட்டனர். வந்த விடை அவர்களையே திகைக்கவைத்தது. அந்தக் கணக்குப்படி உலோகம் இப்போது இருப்பதைவிட நூறு மடங்குக்கு மேல் வலிமையாக இருந்திருக்க வேண்டும்! கணக்கு சரி, கம்பியோ எளிதாக வளைகிறது. எங்கே பிசகு?

1934ஆம் ஆண்டிலே டெய்லர், ஒரோவான், போலானி என்ற மூன்று அறிஞர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமல், தனித்தனியே விடை கண்டனர். அதைப் பவானி ஜமக்காளத்தை வைத்தே விளக்கிவிடலாம். கூடம் நிறைய விரித்த ஜமக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் இலேசில் வராது. ஓர் ஓரத்திலே சிறு மடிப்பு எழுப்பி, அந்த மடிப்பைக் காலால் தள்ளிக்கொண்டே போனால், மடிப்பு ஓடி மறு ஓரத்தில் மறையும். ஜமக்காளம் நாலு விரற்கடை நகர்ந்திருக்கும். உலோகத்தினுள்ளும் இத்தகைய மடிப்புகள் உண்டு. வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் நகர்வதில்லை. மடிப்பு ஓடுகிறது, வரிசை நகர்கிறது, உலோகம் வளைகிறது.

தூய உலோகத்திலே எல்லா அணுவும் ஒரே அளவு. மடிப்புக்குத் தடையில்லை, ஓட்டமாக ஓடுகிறது. அங்கே வேறு அளவுள்ள அணுக்களைக் கொண்டுவந்து அமர்த்துங்கள். ஜமக்காளத்தின் மீது அங்கொருவர் இங்கொருவராக ஆட்கள் உட்கார்ந்துவிட்டது போல ஆகிறது. மடிப்பு முட்டுகிறது, நிற்கிறது, முன்னேற மறுக்கிறது. வளைய மறுப்பதைத்தான் நாம் கடினம் என்கிறோம். அணுக்கள் எல்லாம் ஒரே சாயலில் இருந்தால் எளிதில் சாய்ந்துவிடும். வேறுபட்டவை இடையிலே இடம்பெற்றால் எதிர்த்து நிற்கும்.

கரித்துண்டு செய்த புரட்சி

இரும்பைப் பாருங்கள். தூய இரும்பு, நாம் எண்ணுவதுபோல் வீறாப்பான பொருளல்ல; இளகிய மனம் படைத்தது. அதை எஃகாக்குவது எது? விலையுயர்ந்த மாணிக்கமா? இல்லை, அடுப்பிலே கிடக்கும் கரி! நூற்றுக்குக் கால் பங்குகூட இல்லாத அளவு கரி சேர்ந்தால், கட்டடத்துக்கு ஏற்ற மெல்லெஃகு. முக்கால் பங்குக்கு அருகே வந்தால் ரயில் தண்டவாளம். ஒரு பங்கைத் தாண்டினால் அரம். இரண்டு பங்குக்கு மேல் போனாலோ வார்ப்பிரும்பு. அச்சில் ஊற்ற நன்று, சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடையும். கரி ஒன்றுதான், இரும்பும் ஒன்றுதான். அளவு மாறினால் ஆள் மாறிவிடுகிறது!

இந்த வித்தையிலே தமிழகம் பின்தங்கிய நாடல்ல. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், மூசையில் உருக்கு ஆக்கியதன் தடயங்களும் கிடைத்தன. தென்னாட்டு உருக்கை மேலைநாட்டார் 'ஊட்ஸ்' என்றனர். நம் மொழிகளின் உக்கு, உருக்கு என்ற சொற்களே அப்படித் திரிந்தன என்பர். அந்த உருக்கின் கமுக்கம் என்ன என்று இங்கிலாந்தில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்தால் புகழ்பெற்ற அதே ஃபாரடேதான்! கொல்லர் ஒருவரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகிய இளைஞர். ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, எஃகிலே பல உலோகங்களைக் கலந்து பார்த்து, 1820இல் முடிவுகளை வெளியிட்டார்.

அடிக்க அடிக்க இறுகியது

ஷெஃபீல்டு நகரத்திலே ராபர்ட் ஹேட்ஃபீல்டு என்ற இளைஞர். எஃகிலே மாங்கனீசு கூடினால் நொறுங்கிப்போகும் என்பது அக்காலத்துத் தொழிலறிவு. சில பங்கு சேர்த்துப் பார்த்தவர்கள், உடைந்த துண்டுகளைக் கண்டு விட்டுவிட்டார்கள். ஹேட்ஃபீல்டு விடவில்லை. இன்னும் கூட்டினார். நூற்றுக்கு 12 பங்கு அளவை எட்டியதும், நொறுங்கிய பண்டம் நொறுங்க மறுத்தது! 1882இல் அவர் கண்ட அந்த எஃகுக்கு ஒரு விந்தைக் குணம் உண்டு. அடி விழ விழ அதன் மேற்பரப்பு இறுகிக்கொண்டே போகும். கல்லுடைக்கும் எந்திரத்தின் தாடைக்கும், ரயில் பாதைகள் குறுக்கிடும் இடங்களுக்கும் அதைத்தான் போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள்.

அதே ஷெஃபீல்டிலே பிறந்தவர் ஹாரி பிரெயர்லி. தந்தை எஃகு உருக்கும் தொழிலாளி. மகன் பன்னிரண்டு வயதளவிலே பள்ளியை விட்டு எஃகாலைக்குள் நுழைந்தார். பிறகு ஆய்வுக்கூடத்திலே எடுபிடி ஆளானார். பாட்டில் கழுவிக்கொண்டே பாடம் படித்தார். ஆய்வாளராக உயர்ந்த பிறகு, துப்பாக்கிக் குழாய் தேயாதிருக்க வழி காணும் வேலை அவரிடம் வந்தது. 1913 ஆகஸ்டில், நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் சேர்த்து எஃகு வார்த்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக அமிலம் தடவினால், அமிலம் அதை அரிக்க மறுத்தது! துப்பாக்கிக்காகப் பிறந்த பொருள், சோறுண்ணும் மேசைக்கு ஏற்றது என்று அவர் கண்டார். கத்தி செய்யச் சொன்னார். மேலிடத்தார் அதை எளிதில் ஏற்கவில்லை. கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்ற பூசல் மூண்டு, 1915இல் அவர் அந்த இடத்தைவிட்டு வெளியேறினார். ஜெர்மனியிலே குருப் ஆலையினர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த வகைக்கு 1912இலேயே காப்புரிமை கேட்டிருந்தனர். நம் வீட்டு எவர்சில்வர் அந்தக் கிளையின் வழிவந்தது.

துரு ஏன் பிடிப்பதில்லை? குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, எஃகின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றைப் போர்த்துகிறது. கீறினால் அந்தத் தோல் மீண்டும் வளரும். இரும்பு தன்னந்தனியே நின்றபோது தின்று தீர்த்த அதே காற்று, குரோமியம் கூட்டுச் சேர்ந்ததும் காவலனாகிவிட்டது!

அலுமினியத்தின் கதையும் அத்தகையதே. எடையிலே இரும்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் தூய நிலையில் வலுவில்லை. ஜெர்மானியர் ஆல்ஃபிரட் வில்ம், நூற்றுக்கு 4 பங்கு அளவு செம்பும், சிறிது மக்னீசியமும் கலந்து, சூடாக்கி நீரில் தோய்த்துப் பார்த்தார். அன்றைக்குப் பயனில்லை. சில நாள் கழித்து மீண்டும் சோதித்தால், கிடந்த இடத்திலே கிடந்தபடியே கடினமாகியிருந்தது! இது 1906இல் நடந்தது. உள்ளே கரைந்திருந்த செம்பணுக்கள் மெல்ல மெல்லச் சிறு கூட்டங்களாகத் திரண்டு மடிப்புகளை மறிக்கின்றன என்பது பின்னாளில் தெளிந்தது. டியூராலுமின் என்ற அந்தக் கலவையும் அதன் வழித்தோன்றல்களும், தூய அலுமினியத்தைப் போல் ஐந்து மடங்கு வலிமை காட்டின. வானூர்தி வானளாவியது இந்தக் கலவைகளின் முதுகிலேதான்.

வலிமை மட்டுமா? உருகும் சூடும் மாறுகிறது. காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகும். வெள்ளீயம் 232இல் உருகும். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த பற்று, 183லேயே உருகிவிடும். இரண்டுக்கும் கீழே! ஓசையும் மாறுகிறது. வெண்கலத்திலே ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் ஏறினால் கணீரென்று மணி ஒலிக்கும். வெண்கலக் கடையில் யானை புகுந்த கதையை நாம் சொல்லுகிறோமே, அங்கே அந்த ஆரவாரத்தை எழுப்பியதிலே யானைக்குப் பாதிப் பங்கென்றால், வெள்ளீயத்துக்குப் பாதிப் பங்கு!

நாளேடுகளே ஒரு காலத்தில் கலப்பு உலோகத்தால்தான் நடந்தன. எழுத்து வார்த்த எந்திரங்களில் உருகியது ஏறத்தாழ 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். தனிக் காரீயத்தில் வார்த்தால் எழுத்து நசுங்கும். ஆண்டிமனி அதற்கு உறுதி தந்தது, குளிரும்போது சுருங்குவதைக் குறைத்தது. வெள்ளீயம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் பாயச் செய்தது. கணினியும் ஆஃப்செட்டும் வந்து அந்த எழுத்துகள் ஓய்ந்துவிட்டன. அவற்றைக் கோத்த தோழர்களின் உடம்பிலே காரீயம் ஏற்றிய நஞ்சு மட்டும் அவ்வளவு எளிதில் ஓய்ந்ததில்லை.

அப்படியானால் தூய்மை வீணா?

வீணல்ல. நியாயம் பேசவேண்டும். மின்சாரக் கம்பிக்குத் தூய செம்பே வேண்டும். மடிப்பைத் தடுக்கும் அதே வேற்றணு, மின்னோட்டத்தையும் தடுக்கும். பித்தளையானால், மின்சாரத்தைச் செம்பு கடத்துவதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அந்தக் குறையையே நிறைவாக்கிக்கொண்டவர்களும் உண்டு. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்குரோம் கம்பி, மின்சாரத்தைத் தடுத்துத் தடுத்துச் சிவக்கச் சூடேறுகிறது. இஸ்திரிப் பெட்டி அதனால்தான் வேலை செய்கிறது. எது உயர்ந்தது என்று கேட்பது வீண். எந்த வேலைக்கு எது ஏற்றது என்று கேட்பதே அறிவு.

கலவை வேறு, கலப்படம் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. எதை, எவ்வளவு, எதற்காகச் சேர்த்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிச் சேர்ப்பது கலவை. சொல்லாமல் மறைத்துச் சேர்ப்பது கலப்படம். 22 காரட் என்று சொல்லி 22 தருபவர் தொழிலாளி. 22 என்று சொல்லி 18 தருபவன் திருடன். தங்க நகைக்கு ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு நகைக்கும் ஆறு எழுத்தும் எண்ணும் கொண்ட தனி அடையாளம் 2023 ஏப்ரல் முதல் வேண்டும் என்றாயிற்று. மகள் திருமணத்துக்குப் போனசைச் சேர்த்துவைத்து நகை வாங்கும் தோழன், அந்த முத்திரையைப் பார்த்து வாங்கவேண்டும். எவர்சில்வரிலும் இதே விழிப்பு வேண்டும். காந்தம் ஒட்டாவிட்டால் உயர்ந்த வகை என்பர் சிலர். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் துருவை எதிர்ப்பதிலே அது இளைத்தது. கட்டடக் கம்பியிலே கந்தகமும் பாஸ்பரசும் எல்லை மீறினால், கம்பி முறிந்து நொறுங்கும் குணம் அடையும். நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாத அளவுதான். அதன் கீழே உறங்குவதோ மனிதர்கள்!

வேகம் வந்தது, யாருக்கு?

இன்னொரு எஃகின் கதையைச் சொல்லாமல் முடித்தால், சொன்னதெல்லாம் பாதிதான். 1898இல் அமெரிக்காவின் பெத்லகேம் எஃகாலையிலே பிரெடரிக் டெய்லரும் மான்செல் வொயிட்டும் ஒரு வழி கண்டனர். இவர் முன்னே சொன்ன டெய்லர் அல்லர். டங்ஸ்டனும் குரோமியமும் சேர்ந்த எஃகை உருகும் நிலைக்கு அருகே சூடேற்றிப் பதப்படுத்தினால், செந்தணலாகச் சிவந்த நிலையிலும் உளி மழுங்குவதில்லை. கடைசல் வேகம் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிற்று. 1900இல் பாரிசுக் கண்காட்சியிலே அதைக் கண்டவர்கள் வாய்பிளந்தனர். இன்று லேத்துக்காரர் வழங்கும் 'ஹைஸ்பீடு' உளி அதுதான்.

உளி வேகம் பெற்றது, நன்று. ஆனால் அதே டெய்லர், கையிலே கடிகாரத்தை வைத்து, தொழிலாளி குனிவதற்கு எத்தனை நொடி, நிமிர்வதற்கு எத்தனை நொடி என்று அளக்கும் முறைக்கும் தலைவரானார். எஃகுக்குப் பொருந்திய கணக்கை எலும்புக்கும் தசைக்கும் பொருத்தப் பார்த்தனர். 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில் அந்தக் கடிகாரத்தைக் கண்டதும், வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறினர். விசாரணை நடந்தது, 1915இல் அமெரிக்கப் பேரவை, படைக்கலச் சாலைகளில் அப்படிக் கடிகாரம் வைத்து அளப்பதற்குப் பணம் செலவிடக் கூடாதென்று விதித்தது. எஃகின் வேகத்தைப் பெருக்கியதற்காக யாரும் டெய்லரை எதிர்க்கவில்லை. எஃகுக்கு உள்ள இதயம்தான் மனிதனுக்கும் என்று எண்ணியதைத்தான் எதிர்த்தார்கள்.

இன்றைக்கும் நம் தோழர்களுக்கு இதிலே கவனம் வேண்டியிருக்கிறது. பித்தளை உருக்கும் பட்டறையிலே துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகும். செம்போ 1085இல்தான் உருகும். ஆகவே புகை எழாமல் பித்தளை உருகாது. அந்த வெண்புகையை உள்ளிழுத்தவனுக்கு இரவிலே குளிர்காய்ச்சல் வரும். எவர்சில்வரைப் பற்றவைக்கும்போது எழும் புகையிலே, புற்றுநோய் தரவல்ல குரோமிய வகை உண்டு. பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் முடிவு செய்தது. மூக்கிலே கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் தீரும் காரியமல்ல இது. புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வேண்டும், தகுந்த முகமூடி வேண்டும், காற்றோட்டம் வேண்டும். தூசியையும் புகையையும் தொழிலாளி சுவாசிக்காதபடி தடுப்பது முதலாளியின் கடமை என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே எழுதிற்று. கேட்டால் கிடைப்பது சலுகையல்ல, உரிமை.

ஆகவே, தோழர்களே! "என்ன உலோகம் இது? எதெல்லாம் சேர்ந்தது? சூடேறினால் எது புகையும்?" இந்த மூன்று கேள்விகளையும் பட்டறையிலே கேளுங்கள். கொல்லர் மகன் கேட்டார். எடுபிடிப் பையன் கேட்டார். விடை கண்டு உலகுக்குத் தந்தனர். கலவையின் பெயரைப் பொறியாளர் மட்டும் அறிந்து, அதன் புகையைத் தொழிலாளி மட்டும் அறிவது என்ற நிலை இனியும் நீடிக்கலாகாது.

அடுப்பங்கரையிலே எவர்சில்வர் மின்னுகிறது. அதிலே வெள்ளி இல்லை. இரும்பு இருக்கிறது, குரோமியம் இருக்கிறது, நிக்கல் இருக்கிறது, கரியும் இருக்கிறது. கூடவே, அதை உருக்கியவன், உருட்டியவன், பற்றவைத்தவன், மெருகேற்றியவன் மூச்சும் இருக்கிறது. கலவையின் கணக்கை எழுதும்போது அந்தப் பங்கையும் சேர்த்தே எழுதுவோம்!